மாடிக்குப் படி எந்தப் பக்கம்?

கிண்ணியாவில் ஒரு வீட்டுக்கு மேல்தட்டுக் கொங்கிரீட் போடுவதென்றால் அது பாதிக் கலியாணம். மிக்ஸர் மெஷினைக் கொண்டுவந்து ரோட்டோரத்தில் இறக்கியவுடனேயே ஊர் கூடிவிடும். வேலைக்கு வருகிறவர்களைவிட வேலையைப் பார்க்க வருகிறவர்கள் அதிகம். கொங்கிரீட் போடத் தொடங்கினால் முடியும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பொருத்தில் வெடிப்பு விழும், வெடிப்பால் மழைத்தண்ணீர் இறங்கும். அதனால் அன்றைக்கு வீட்டுக்காரன் எல்லாருக்கும் சமைத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றி, வானத்தைப் பார்த்து துஆக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

முத்தலிப்பின் வீட்டுக்கு அந்த நாள் மாரி தொடங்குவதற்குச் சற்று முந்தி வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காலையில் மண்டையைப் பிளக்கிற வெயில் எறிக்கும். பின்னேரமானால் கந்தளாய்ப் பக்கத்தால் கறுத்துக்கொண்டு வந்து இடியும் மழையுமாகப் பெய்து தீர்க்கும். ஒரு கிழமை பொறுத்துப் போடலாம் என்று சிறில் மேசன் சொல்லிப் பார்த்தான். முத்தலிப் கேட்கவில்லை. பொறுப்பது என்பது அவனிடமிருந்து போய் இரண்டு வருடமாகியிருந்தது.

அது போன கதையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்றவர்கள் வீட்டை மகளின் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு சின்னச் சாய்ப்புக் கொட்டிலை இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். முத்தலிப்பின் மனைவி மைமூனாவுக்கும் அப்படித்தான் வீடு கிடைத்தது. அவளுடைய வாப்பா வளவை இரண்டாகப் பிரித்து, மூத்தவளான அவளுக்கு ஒன்றும் இளையவள் சுஹைராவுக்கு ஒன்றுமாக இரண்டு வீடு கட்டினார். ஒரே அளவு, ஒரே ஓடு, ஒரே மாதிரி விறாந்தை. நடுவில் வேலிகூட இருக்கவில்லை. குசினியில் உப்பு முடிந்தால் யன்னலால் கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள்.

முத்தலிப்புக்கு ஃபைபர் போட் ஒன்று இருந்தது. கொட்டியாரக் குடாவில் தொழில். சுஹைராவின் புருஷன் ஸெய்னுதீன் மீன் ஏற்றும் கூலர் லொறி ஒன்றில் தொடங்கி இரண்டாக்கி, பிறகு கொழும்பில் கடை போட்டான். பிள்ளைகள் இருவரும் கட்டாருக்குப் போனார்கள். வீட்டுக்கு மேல் மாடி எழும்பியது. மாடி குடிபுகுந்த அன்று ஸெய்னுதீன் தன் சகலனைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போய், யன்னலைத் திறந்து, மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல் சொன்னான்: "மச்சான், இஞ்ச நிண்டு பாருங்க. உங்கட ஊட்டுக் கூரையில ரெண்டு மூணு ஓடு உடைஞ்சு கிடக்கு. மழைக்கு முந்தி மாத்திருங்க."

அவ்வளவுதான். முத்தலிப் இறங்கி வந்தான், புரியாணியைத் தொடாமல் கையைக் கழுவினான். அடுத்த கிழமை நடுவில் மதில் எழும்பியது. சுஹைராவின் குசினி யன்னலை மறைக்கிற உயரம். உடைந்த ஓடுகளை மாற்றினானா என்று கேட்டால் இல்லை, மாற்றினால் ஸெய்னுதீன் சொல்லி மாற்றியதாகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டு, அந்த மாடியைப் பார்த்தபடி இருப்பான். பார்க்கப் பார்க்க அது உயர்ந்துகொண்டு போகும்.

பிறகு மகள் ஷிஃபானாவுக்கு மூதூரில் பேசி வந்தது. மாப்பிள்ளை இஹ்ஸான், டவுனில் கந்தோர் வேலை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் உம்மா விறாந்தையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்தபடி பக்கத்து மாடியை நிமிர்ந்து பார்த்து, மைமூனாவிடம் "உங்கட தங்கச்சிட ஊடா? வடிவா இருக்கு" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். முத்தலிப்புக்கு அது போதுமாக இருந்தது. ஓட்டுக் கூரையைக் கழற்றி, வீட்டைப் பெருப்பித்து, மேலே மாடி எழுப்புவதென்று முடிவெடுத்தான். அந்த மாதமே போட்டையும் இஞ்சினையும் விற்றுவிட்டு, இன்னொருவரின் லொறிக்கு டிரைவராகப் போனான். கடலுக்குப் போகிற காலத்தில் பாட்டோடு வீட்டுக்கு வருகிற மனிசன், இப்போது கண் சிவந்து வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சீமெந்தைப் பற்றிக் கதைத்தான். ஷிஃபானா மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள், "எனக்கு மாடி வேணாம் வாப்பா" என்று. "உனக்கு ஆரு கட்டுற? ஊருக்கெல்லவா கட்டுறன்" என்று அவன் சொன்னது பகிடிக்கு என்று அவள் நினைத்தாள்.

மைமூனா கேட்டது ஒன்றே ஒன்று. வீடு மகளுக்குப் போகட்டும். ஹோலும் அறைகளும் குசினியும் போகட்டும். பின்மூலையில் வளவுப் பக்கம் கதவு வைத்த ஒரு சின்ன அறை மட்டும் தங்கள் இருவருக்கும் வேண்டும். ஒரு கட்டில், அவளுடைய தையல் மெஷின், ஒரு யன்னல். மழைக்கு ஒழுகுகிற சாய்ப்புக்குள் தன்னுடைய உம்மா கிடந்து மௌத்தானதை அவள் பார்த்தவள். முத்தலிப் ஓம் என்றான். அறை எழும்பியது. சாந்து பூச முன்னமே அவள் யன்னல் குந்தில் கறிவேப்பிலைக் கன்றை ஒரு பால்மா டின்னில் வைத்துவிட்டாள்.

கொங்கிரீட் அன்று விடிய, சிறில் திருகோணமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறி, பலகையையும் கம்பியையும் ஒருதரம் சுற்றிப் பார்த்தான். கீழே மெஷின் உறுமத் தொடங்கியது. மணல், சல்லிக்கல், சீமெந்து, தண்ணீர். கலவை அள்ளிய தாச்சிச் சட்டிகள் கை மாறிக் கை மாறி ஏணியால் மேலே போயின. முன்பக்கத்தால் தொடங்கிப் பின்பக்கம் போவதென்று ஏற்பாடு. குசினிப் பக்கம் மூன்று கல்லில் பெரிய சட்டி ஏறியது. மாட்டிறைச்சி கொதிக்கிற வாசம் ரோடுவரை போய், பார்க்க வந்தவர்களைப் போகவிடாமல் வைத்திருந்தது. முத்தலிப் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மெஷினடிக்குப் போனான், ஏணியடிக்கு வந்தான், வானத்தைப் பார்த்தான், பொடியன்மாரை ஏசினான், ஏச்சு வாங்கியவர்களுக்கே இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான்.

வெயில் ஏறுகிற நேரம் மாப்பிள்ளையின் உம்மா ஓட்டோவில் வந்து இறங்கினாள். கையில் வாழைப்பழச் சீப்பும் மஸ்கற் இனிப்புப் பெட்டியும். முத்தலிப் சால்வையால் கதிரையைத் துடைத்துப் போட்டான். அவள் இருக்காமல் நின்றே மேலே பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே சந்தோசம்.

"மாஷா அல்லாஹ். பெரிய வேலையா இருக்கே, சம்மந்தி."

"ஒங்கட மகனுக்குத்தானே. மேல மூணு ரூம் வரும். முன்னால நிண்டாப் பாலமும் தெரியும், சீனன்குடாவும் தெரியும்."

"நல்லம், நல்லம்." அவள் வீட்டின் முன்பக்கத்தைப் பார்த்தாள், பக்கவாட்டைப் பார்த்தாள். "படி எந்தப் பக்கத்தால வரும்?"

முத்தலிப் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. அவன் சிறிலைப் பார்த்தான். சிறில் ஏணியில் நின்றபடி முத்தலிப்பைப் பார்த்தான். தாச்சி வாங்க நீட்டிய கைகளும் நின்றன. மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது வரும்" என்றான் முத்தலிப். "அதெல்லாம் ஏற்பாடு."

அவளைத் தேத்தண்ணியோடு மைமூனாவிடம் அனுப்பிவிட்டுச் சிறிலின் கையைப் பிடித்து மாமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"என்னடாப்பா இது? படி எங்க?"

"அதை நானெல்லோ உங்களிட்டக் கேட்டனான்! அத்திவாரம் வெட்டேக்கயே கேட்டன். உள்ளுக்கு வைச்சா ஹோல் சின்னனாப் போயிடும், வெளியால வை எண்டு சொன்னீங்கள். சரியெண்டு அந்த மதில் பக்கம் இடம் விட்டனான். பிறகு என்ன செய்தனீங்கள்? ஸெய்னுதீன் நானாட ஹோலை விட இது பெரிசா இருக்கோணும், சுவரைத் தள்ளிக் கட்டு எண்டனீங்கள். தள்ளிக் கட்டினன். இப்ப அந்தச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில கோழியும் போகேலாது."

"நீ செல்லியிருக்கோணும்."

"சொன்னனான் நானா. பிறகு பாப்பம் எண்டனீங்கள். எதைச் சொன்னாலும் பிறகு பாப்பம், பிறகு பாப்பம். என்ர மனிசி சீலாவும் இப்பிடித்தான், ஓர்ஸ் ஹில்லில இருக்கிற வாடகை வீட்டுக்கு ஏசி பூட்டோணும் எண்டு நிக்கிறாள். சுவர் ஆருடையது எண்டு கேட்டால் பிறகு பாப்பமாம்."

முத்தலிப்புக்குச் சிரிப்பு வரவில்லை. "முன்பக்கம்?"

"முன்பக்கம் கொங்கிரீட் விழுந்திட்டுது. அதில வைச்சாலும் ரோட்டுக்குத்தான் படி இறங்கும்." சிறில் முகத்தைத் துடைத்தான். "ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்டு, அந்தப் பின் ரூமுக்கு மேல கம்பியை வெட்டி ஓட்டை விடுறது. படி ரூமுக்குள்ளால ஏறும். மற்றது, மதிலுக்கு அங்கால சுஹைரா அக்காட காணியில ரெண்டு தூண் நாட்டி, அதால ஏத்துறது. அப்பிடியெண்டா இப்பவே அந்தப் பக்கம் கம்பியை வெளிய நீட்டி விடோணும். காய்ஞ்ச பிறகு நீட்டேலாது. எதெண்டாலும் நான் பின்பக்கத்துக்குப் போறதுக்கிடையில சொல்லுங்கோ. நிப்பாட்டமாட்டன்."

முத்தலிப் மதிலைப் பார்த்தான். அதற்கு மேலால் ஸெய்னுதீனின் மாடியைப் பார்த்தான். "ரூமுக்கு மேல வெட்டு" என்றான்.

"அது நீங்கள் படுக்கிற ரூமெல்லோ?"

"வெட்டு எண்டு செல்றன்."

சம்மந்தியின் ஓட்டோ போய் மறைந்தது. மேலே கொங்கிரீட் முன்பக்கத்தைத் தாண்டி நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. சிறில் கம்பி வெட்டுகிற கத்தரியோடு ஏணியில் காலை வைத்தபோது மைமூனா குசினிக்குள்ளிருந்து வந்தாள். கையில் அகப்பை, முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. யன்னலால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"சிறில், அந்தக் கம்பியில கை வெக்காதீங்க."

முத்தலிப் ஓடி வந்தான். "நீ உள்ளுக்குப் போ. ஆக்கள் பாக்குறாங்க."

"ஆக்கள் பாக்கத்தானே இவ்வளவும். பாக்கட்டும்."

"மைமூனா!"

"இது ஆருட ஊடு?"

"என்ன கேள்வி இது?"

"செல்லுங்க. ஆருட ஊடு?"

இந்த வீட்டுக்குள் முத்தலிப் மாப்பிள்ளையாக வந்து கால் வைத்தவன். வெகு நாளாக அந்த நினைப்பே அவனுக்கு இருக்கவில்லை.

"என்ட வாப்பா எனக்குத் தந்த ஊடு" என்றாள் மைமூனா. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். "நான் ஒப்பம் வெச்சாத்தான் பிள்ளைக்குப் போகும். கூரையைக் கழட்டினீங்க, ஒண்டும் செல்லல்ல. என்னைக் கேக்காம மதில் கட்டினீங்க, என்ட தங்கச்சிட மொகத்தைப் பாக்கிறதுக்கு ரோட்டால சுத்திப் போறன், அதுக்கும் ஒண்டும் செல்லல்ல. போட்டை வித்தீங்க, வாயத் தொறக்கல்ல. ஒரு ரூம் கேட்டன். அதுக்குள்ளால படி போனா நான் என்ன, படிக்குக் கீழயா படுக்கிற?"

"கொஞ்ச நாளைக்குத்தானே. பொறகு பின்னால ஒரு சாய்ப்பை..."

"மௌத்தாகும் மட்டும் எண்டு செல்லுங்க. என்ட உம்மாவுக்கும் கொஞ்ச நாளைக்கு எண்டுதான் செல்லினாங்க."

ஷிஃபானா கதவடியில் நின்றாள். வெங்காயம் வெட்டிய கையால் கண்ணைத் துடைத்ததில் கண் இரண்டும் சிவந்திருந்தன. "வாப்பா, அவர் ஒரு நாளும் மாடி கேக்கல்ல. நான் கேட்டுப் பாத்தனான்."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா? பொறகு ஏன்?"

"கேட்டுக் குடுத்தா அது குடுத்ததா? கேக்கமுந்திக் குடுக்கோணும். உனக்கு இது வெளங்காது."

"எனக்கு வெளங்கல்லத்தான். நீங்க ரோட்டு ரோட்டா லொறியோட்டிக் கட்டின மாடியில நான் எப்பிடி வாப்பா படுக்கிற? கீழ உம்மா படிக்கு அடியில கிடக்க?"

முத்தலிப் மகளையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. வெட்கத்தில் அவனுடைய காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. ரோட்டோரத்தில் நின்றவர்கள் வானத்தைப் பார்ப்பது போல நடித்தார்கள். வானமும் பார்க்கிற மாதிரித்தான் இருந்தது, மேற்கே அடியில் கறுப்பு.

"அந்த ரூமுக்கு மேல ஓட்டை விழுந்தா நான் ஒப்பம் வெக்கமாட்டன்" என்றாள் மைமூனா. "படி வேணுமெண்டா சுஹைராக்கிட்டக் கேளுங்க. நான் கேக்கமாட்டன். மதில் கட்டினது நானில்ல."

அவள் உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள். பின்னறையின் கதவைத் திறந்து, அதன் நிலையில் சாய்ந்துகொண்டு, அங்கேயே நின்றபடி கோப்பைகளில் சோறு போட்டு ஷிஃபானாவிடம் கொடுத்தாள். இறைச்சியும் பருப்பும் கத்தரிக்காயும் தயிரும் அந்தக் கதவடியிலிருந்தே போயின. சாப்பிடுகிறவர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக இறங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏறினார்கள், வேலை நிற்கவில்லை. முத்தலிப்புக்கும் ஒரு கோப்பை வந்தது. அவன் அதை மிக்ஸர் மெஷினுக்குப் பக்கத்தில் மணல் குவியலில் வைத்துவிட்டு மறந்துபோனான்.

வளவை நாலைந்து தரம் சுற்றினான். மதிலடியில் போய் நின்றான். மதிலைத் தட்டிப் பார்த்தான், நல்ல உறுதியான மதில். அவனே நின்று கட்டுவித்தது. மேலே கொங்கிரீட்டை இறுக்குகிற வைபிரேட்டர் இரைந்தது. "நானா, நடு ரூம் முடியுது!" என்று சிறில் கத்தினான். முதல் இடி எங்கோ தம்பலகாமத்துப் பக்கம் உருண்டது.

முத்தலிப் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினான். பக்கத்து வீட்டுக்குப் போக ரோட்டால் சுற்றி, எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் நடந்து, ஸெய்னுதீனின் பெரிய இரும்புக் கேற்றைத் தள்ள வேண்டியிருந்தது. ஊரே பார்த்தது. அன்றைக்கு அவன் நடந்த நடையை எங்கள் ஊரில் இன்னும் சிலர் நடந்து காட்டுவார்கள்.

சுஹைரா பின்குசினியில் ஒரு பாயில் இருந்து, ஒற்றைக் கோப்பையில் சோறு தின்றுகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் பிசைந்த கையோடு எழும்பிவிட்டாள்.

"மச்சான்! என்ன? ராத்தாவுக்கு என்னவும்...?"

"ஒண்டுமில்ல. ஒண்டுமில்ல. நீ இரி."

"கொங்கிரீட் நடக்குது, நீங்க இஞ்ச நிக்கிறீங்க."

முத்தலிப் நின்றபடியே சொன்னான். சொல்ல வந்ததை முதலில் சொல்லாமல் சல்லிக்கல்லின் விலையையும் மழையையும் சொன்னான். பிறகு சுவரைத் தள்ளிக் கட்டியதைச் சொன்னான். கடைசியில் படியைச் சொன்னான்.

சுஹைரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வெடித்தது. முக்காட்டால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

"படியை மறந்துட்டீங்களா மச்சான்? மாடி கட்டுறீங்க, படியை மறந்துட்டீங்களா?"

"சிரி. நல்லாச் சிரி. ஊரே சிரிக்கப் போகுது."

"கோவிக்காதீங்க. சிரிச்சுக் கன நாள்." அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண் வேறு மாதிரி இருந்தது. "எவ்வளவு இடம் வேணும்? எடுங்க."

"ஸெய்னுதீனுக்கு ஃபோன் எடுத்துக் கேக்கோணுமே."

"என்னத்துக்கு? ஊடு என்ட பேர்ல. அவர் எப்பயாவது வாறார். வந்தாலும் ஃபோனோட. புள்ளைகளும் ஃபோனுக்குள்ளதான் இருக்குதுகள்." அவள் கதவைத் திறந்தாள். "மேல போய்ப் பாருங்க, மச்சான். எந்த இடத்தால கம்பி நீட்டுற எண்டு அங்க நிண்டாத் தெரியும். எனக்கு ஏறி இறங்கி முழங்கால் நோகும், நான் வரல்ல."

குடிபுகுந்த நாளுக்குப் பிறகு முத்தலிப் அந்தப் படியில் ஏறியதில்லை. மேலே போய்ச் சுவிட்சைத் தட்டினான். லைட் எரியவில்லை, பல்ப் மாட்டியிருக்கவில்லை. மூடியிருந்த யன்னல்களால் வந்த அரைகுறை வெளிச்சத்தில் பெரிய கட்டில் ஒன்று தெரிந்தது. மெத்தையில் கடைக்காரன் சுற்றிய பொலித்தீன் அப்படியே கிடந்தது. அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கடைத் துண்டுகூடக் கிழிக்கப்படவில்லை. திரும்பிப் பார்த்தான். மாபிள் பதித்த தரையில் அவனுடைய காலடி மட்டும் தூசியில் பதிந்து கிடந்தது. அவனுக்கு ஏனோ பயமாக இருந்தது. இவ்வளவு நாளும் தான் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா என்று நினைத்தான்.

கீழே எட்டிப் பார்த்துக் கேட்டான், "சுஹைரா, நீ இஞ்ச படுக்கிறதில்லையா?"

"ஒரு நாளும் இல்ல" என்றாள் அவள் படியடியில் நின்றபடி. "தனிய மேல கிடந்து என்ன செய்ற? கீழ குசினிக்க கிடந்தா விடியக்காலம் ராத்தா சட்டி கழுவுற சத்தம் கேக்கும். நீங்க இருமுறதும் கேக்கும். மதிலை உசத்தினதில இருந்து அதுவும் கொறஞ்சு போச்சு."

முத்தலிப் சுவிட்சை இன்னொருதரம் தட்டிப் பார்த்தான்.

"நல்லா என்ட பக்கமே படியை வைங்க, மச்சான். ஷிஃபானாவும் மாப்பிள்ளையும் ஏறி இறங்கட்டும். நாளைக்குப் புள்ளை குட்டி ஓடட்டும். எனக்கு ஒரு சத்தமாவது இருக்கும்."

அவன் யன்னலடிக்குப் போய்க் கொளுக்கியைத் தட்டித் திறந்தான். கீழே அவனுடைய வீடு கிடந்தது. முக்கால்வாசி சாம்பல் நிறமாகிவிட்டது. பின்மூலையில் மட்டும் கம்பி வெறுமையாகத் தெரிந்தது. சிறில் அதன் ஓரத்தில் குந்தியிருந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். வேலைக்காரர்கள் தாச்சியோடு நின்றார்கள். அந்தக் கம்பிக்குக் கீழே, கதவு நிலையில், மைமூனாவின் பச்சைப் புடவையின் ஒரு மூலை தெரிந்தது. சோறு போடத் தொடங்கியதிலிருந்து அவள் நகரவில்லை.

"சிறில்!"

எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஸெய்னுதீனின் மாடி யன்னலில் முத்தலிப் பாதி உடம்பை வெளியே தள்ளிக்கொண்டு நின்றான்.

"இந்தப் பக்கம் கம்பியை நீட்டு! மதிலுக்கு மேலால நீட்டு! ரூமை மூடு, முழுசா மூடு!"

ரோட்டில் நின்ற ஒருத்தன் விரலை வாயில் வைத்துச் சீக்காய் அடித்தான். சிறில் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, "வாங்கோடா, மழை வருது!" என்று கத்தினான். முத்தலிப் படியால் விழுந்தடித்து இறங்கி வந்து, சாரத்தைத் தூக்கிக் கட்டித் தானும் வரிசையில் நின்று தாச்சி வாங்கினான். வெகுநாள் கழித்து அவனுடைய தோள் சரியான வேலை செய்தது. வலை இழுத்த தோள். முதல் துளி விழுந்தபோது கடைசித் தாச்சி ஏறியது. பொலித்தீன் விரிப்பை ஆளுக்கொரு மூலையில் பிடித்து இழுத்து மூடி, கல்லை வைத்தார்கள். அதற்குப் பிறகு வானம் பிளந்துகொண்டு கொட்டியது. வேலைக்காரர்கள் எல்லாரும் முன் ஹோலுக்குள் ஒதுங்கிச் சிரித்துப் பேசி, மிச்சமிருந்த மஸ்கற்றை முடித்தார்கள்.

முத்தலிப் பின்னறைக்குப் போனான். பலகைக்கு முட்டுக் கொடுத்த கம்புகள் காடாக நின்றன. ஈரச் சீமெந்து மணத்தது. மைமூனா அவற்றின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்க. முழுசா."

அவள் அப்படியே தரையில் குந்தினாள். மணல் குவியலில் நனைந்துபோன கோப்பையை யாரோ எடுத்து வந்திருந்தார்கள். அவள் வேறு கோப்பையில் சோறு போட்டு, இறைச்சிச் சட்டியைச் சுரண்டி ஊற்றி அவனிடம் நீட்டினாள். அவன் அவளுக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துப் பக்கற்றை விரித்து இருந்து சாப்பிட்டான். பாதிச் சோற்றில் நிறுத்தினான்.

"உன்ட தங்கச்சி அந்த மாடியில ஒரு நாளும் படுத்ததில்லையாம்."

"தெரியும்."

"அவள் செல்லினாளா?"

"அவள் ஏன் செல்லுற?" மைமூனா மழையைப் பார்த்தபடி சொன்னாள். "கட்டின நாளில இருந்து அந்த மாடியில ஒரு நாள் லைட் எரிஞ்சதில்ல. ரெண்டு வருசமா ஒவ்வொரு பின்னேரமும் அதைத்தானே பாத்துக்கொண்டு இருந்தீங்க. உங்களுக்கு அது தெரியல்லையா?"